கறுப்புத் தாளில் ஏறிய கதை

மே தினத்துக்குத் தொழிற்சங்கம் கொடுக்கும் டீ ஷர்ட், கல்யாண வீட்டுத் தாம்பூலப் பை, திருவிழா பனியன். இவற்றில் இருக்கும் எழுத்தும் படமும் பெரும்பாலும் ஸ்க்ரீன் பிரிண்டிங் வேலைதான். யாரும் அதைக் கலை என்று மதிப்பதில்லை. ஆனால் சென்னையின் தாரா புக்ஸ் 2006இல் வெளியிட்ட ‘தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்’ என்ற நூலின் படங்கள் முழுவதும் இதே முறையில் கையால் அச்சிடப்பட்டவை. 2008இல் அந்த நூலுக்கு இத்தாலியின் போலோஞ்ஞா சிறுவர் நூல் விருதும் கிடைத்தது.

பஜ்ஜு ஷியாம், துர்கா பாய், ராம் சிங் உர்வேதி ஆகிய மூவர் வரைந்தது அது. மூவருமே மத்தியப் பிரதேசத்தின் பர்தான் கோண்டு மரபைச் சேர்ந்தவர்கள். பர்தான்கள் பரம்பரைக் கதைப்பாடகர்கள். ‘பானா’ என்னும் நரம்பு வாத்தியத்தை வாசித்துக்கொண்டு, தங்களை ஆதரிக்கும் வீடுகளில் வம்சக் கதையும் தெய்வக் கதையும் பாடி, கொடுப்பதை வாங்கி வந்தவர்கள். அவர்களின் பெரிய தெய்வம் படா தேவ் குடியிருப்பது கருமருத மரத்தில். அந்த மரத்தடியில் பானா வாசித்துத்தான் அவரை அழைக்க வேண்டும். ஆதரித்த வீடுகள் குறையக் குறைய, பாட்டும் அடங்கியது.

1980களின் தொடக்கத்தில் போபாலின் பாரத் பவனுக்காக ஓவியர் ஜெ. சுவாமிநாதன் அனுப்பிய குழுவினர், பாட்டன்கர் கிராமத்துச் சுவர்களில் ஓர் இளைஞர் வரைந்த படங்களைக் கண்டார்கள். அவர் ஜங்கர் சிங் ஷியாம். அவர் பின்னால் உறவுக்காரர்கள் பலரும் தூரிகை எடுத்தார்கள். பஜ்ஜு ஷியாமும் அவர்களில் ஒருவர். வாத்தியம் போய்க் கோடு வந்தது, கதை அப்படியே இருந்தது. பகலெல்லாம் நிழலும் பழமும் கொடுத்து ஓயாமல் உழைக்கும் மரங்கள் இரவில்தான் தம் சுயரூபத்தைக் காட்டும் என்பது அவர்கள் நம்பிக்கை. அதனால்தான் புத்தகத்தின் தாளும் கறுப்பு.

அந்தக் கறுப்பில்தான் தொழில் சூட்சுமம் இருக்கிறது. ஆஃப்செட் இயந்திரம் வைக்கும் மை மெல்லியது, அடித்தாளின் நிறத்தை விட்டுக்காட்டும். கறுப்பில் மஞ்சள் அடித்தால் அழுக்காய்த்தான் தெரியும். ஸ்க்ரீன் தடித்த மையைப் படிய வைக்கும், விரலால் தடவினால் மேடு தட்டுப்படும். மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய நுண்வலையில் ஒளிபட்டால் இறுகும் பசையைப் பூசி, படம் வரைந்த ஃபிலிமை அதன்மேல் வைத்து வெளிச்சம் காட்டுவார்கள். கோட்டின் நிழல் விழுந்த இடம் இறுகாது. தண்ணீர் அடித்தால் அங்கே மட்டும் பசை கழன்று கண் திறக்கும். பிறகு ரப்பர் பட்டையால் மையை இழுத்தால், திறந்த கண்கள் வழியே தாளில் இறங்கும்.

ஒரு நிறத்துக்கு ஒரு சட்டம். முதல் நிறம் காய்ந்த பிறகுதான் அடுத்தது. கோண்டு ஓவியத்தின் உயிரே உடலை நிரப்பும் புள்ளியும் சிறுகோடும்தான்; ஒவ்வோர் ஓவியருக்கும் அதில் தனிக் கைவரிசை உண்டு. தாள் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் புள்ளி கோட்டை விட்டு வெளியே போய்விடும். இழுப்பதில் சற்றுத் தாமதித்தால் வலைக்குள்ளேயே மை காய்ந்து கண்ணை அடைத்துக்கொள்ளும். அட்டையில் ஓவியர் பெயர்தான் நிற்கும். ஆனால் அந்தப் புள்ளியைக் காப்பாற்றியவர் பட்டை இழுத்த தொழிலாளிதான், என்னைக் கேட்டால்.

இலங்கை மலையகத்தில், நம் தேயிலைத் தோட்டங்களிலும் கதைக்குப் பஞ்சமில்லை. மாசியில் காமன் கூத்து. சிவன் கண்ணில் எரிந்த மன்மதனும், அழும் ரதியும், அதிரும் தப்பும். இரவு முழுக்க ஆடும் கூத்துக்கு இந்தக் கறுப்புத் தாள் நன்றாகவே பொருந்தும். எரியும் கட்டத்துக்குச் சிவப்பு, மஞ்சள் என்று இரண்டே சட்டம் போதும்.

அதை இங்கே அச்சிட இடைஞ்சல், எங்கள் ஊரான பொல்பிட்டியவின் மழைதான். ஈரக் காற்றில் தாள் உப்பி நீளும். முதல் நிறத்துக்கும் இரண்டாம் நிறத்துக்கும் இடையில் அளவு மாறிவிட்டால் புள்ளிகள் பொருந்தாது, மையும் காயாது. தைக்கு மேல் மழை சற்று ஓய்ந்திருக்கும். காமனுக்குக் கம்பம் நடும் நாட்களும் அதை ஒட்டித்தான் வருகின்றன.