பழங்காசின் மேற்பரப்பு: துலக்கப்பட்டதை அறியும் முறை

மலேசியத் தமிழர் வழக்கில் 'வெள்ளி' என்னும் சொல் உலோகத்தையும் பணத்தையும் ஒருங்கே குறிக்கும். நீரிணைக் குடியேற்ற நாடுகளின் அரசு 1903ஆம் ஆண்டு முதல் வெளியிட்ட ஒரு வெள்ளிக் காசு, பெயருக்கேற்ப வெள்ளியால் ஆனது. தொடக்கத்தில் அது 26.95 கிராம் எடையும் 90 விழுக்காட்டு வெள்ளியும் கொண்டிருந்தது; 1907இல் எடை 20.21 கிராமாகக் குறைக்கப்பட்டது. பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் வட்டாரத் தமிழர் இல்லங்களில் பூசைப் பேழையிலோ பாட்டியின் பெட்டியிலோ இத்தகைய காசுகள் இன்றும் கிடைக்கின்றன. பள்ளிக் கண்காட்சிக்கு அவை வரும்பொழுது, புளியாலோ பிராசோவாலோ துலக்கப்பட்டு வருவதே பெரும்பாலும் நிகழ்கின்றது. பளபளப்பே தூய்மை என்னும் எண்ணம் குத்துவிளக்குக்குப் பொருந்தும், காசுக்குப் பொருந்தாது.

இதற்குக் காரணம் காசு அச்சிடப்படும் முறையில் உள்ளது. அச்சின் அழுத்தத்தால் உலோகம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நகரும்பொழுது, கண்ணுக்குப் புலப்படாத ஆரக்கோடுகள் மேற்பரப்பில் உண்டாகின்றன. புழங்காத காசை ஒற்றை விளக்கின்கீழ்ச் சாய்த்துத் திருப்பினால், வண்டிச் சக்கரத்தின் ஆரங்களைப் போல ஒளிக்கற்றை சுழலக் காணலாம். அமிலத்தில் தோய்த்த காசில் இக்கோடுகள் அரிக்கப்பட்டுவிடும். அங்கே ஒளி சுழல்வதில்லை. முகம் முழுவதும் ஒரே சீராக, உயிரற்று மின்னும்.

தேய்த்துத் துலக்கியதைக் கண்டறியப் பத்து மடங்கு பெருக்கும் கைவில்லை போதும். துணியும் தூளும் இழுத்த மெல்லிய கீறல்கள், சில இடங்களில் இணையாகவும் சில இடங்களில் வட்டமாகவும் தோன்றும். எனினும் கோடு கண்டவுடன் முடிவுக்கு வருதல் கூடாது. நாணயச்சாலையில் அச்சையே மெருகிட்டதால் எழும் கோடுகளும் உண்டு. அவை காசின் பரப்பில் மேடாக நிற்கும். மன்னர் தலையின் விளிம்பை அடைந்ததும் நின்றுவிடும். துலக்கிய கீறலோ பள்ளமானது. தலையின்மீதும் எழுத்தின்மீதும் தடையின்றி ஏறிச் செல்லும். இவ்வேறுபாட்டை அறிந்தவர் பெரும்பாலும் ஏமாறுவதில்லை.

மன்னரின் தலைமுடி தேய்ந்து மழுங்கியிருக்க, காசின் வெற்றிடம் மட்டும் புதிதுபோல் ஒளிர்வதும், எழுத்துகளின் இடுக்கில் கருமை தங்கியிருக்கச் சுற்றுப்புறம் வெளிறியிருப்பதும் ஐயத்திற்குரியன. செப்புக்காசு இயல்பாக ஆழ்ந்த பழுப்பாக முதிரும். புளியிலுள்ள அமிலம் அப்படலத்தைக் கரைத்துவிட, இயற்கையில் காணாத இளஞ்சிவப்பு வெளிப்படுகின்றது. கந்தகப் புகையாலும் வெப்பத்தாலும் பொய்க் கருமை ஏற்றி இதை மறைப்பாரும் உளர். அக்கருமை கீறல்களுக்குள்ளும் படிந்திருக்கும் என்பதால் காலவரிசை வெளிப்பட்டுவிடும்: கீறல் முந்தியது, கருமை பிந்தியது. தமிழர் இல்லங்களுக்குரிய மற்றொரு தடயம் விளிம்பில் உள்ள பற்றாசுத் தழும்பு. காசுமாலையில் கோத்திருந்த வளையம் அகற்றப்பட்டதை அது காட்டும். சேகரிப்பாளர் அதனைக் குறை என்பர்; சமூக வரலாறு எழுதுவோர்க்கோ அதுவே சான்று.

துலக்குதல் யாவும் தவறென்று கொள்ளவும் இயலாது. மண்ணிலும் ஆற்றுமணலிலும் கிடைக்கும் சங்ககாலக் காசுகளின்மேல் படிந்த கெட்டியான படலத்தை நீக்கினாலன்றி எழுத்தைப் படித்தல் அரிது. 'பெருவழுதி' என்னும் பெயர் தமிழ்ப் பிராமியில் பொறிக்கப்பட்ட பாண்டியர் காசை 1980களில் இரா. கிருஷ்ணமூர்த்தி வெளிக்கொணர்ந்தார். அத்தகைய காசுகளே சங்க மன்னர் பெயர்களுக்கு நாணயச் சான்று அளித்தன. அங்கே படலத்தை அகற்றுவது படிக்க வேண்டிய செய்தியை வெளிப்படுத்துகிறது. எழுத்துத் தெளிவாக உள்ள 1920ஆம் ஆண்டுக் காசைத் தேய்ப்பதால் அத்தகைய பயன் எதுவும் இல்லை.

எனவே மாணவர் கொணரும் காசை விளிம்பில் பிடித்து, எடை, விட்டம், நிறம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, உள்ளவாறே ஒளிப்படம் எடுத்தல் நன்று. முன்னரே துலக்கப்பட்டிருந்தால், கண்காட்சிக் குறிப்பட்டையில் ஆண்டையும் உலோகத்தையும் அடுத்து 'துலக்கப்பட்டது' என்றும் எழுதலாம்.