உயரமும் உழைப்பும்

கரம்பொன், ஊர்காவற்றுறை, வேலணை முதலாய தீவகத்து ஊர்களிலே பெண்பிள்ளைகள் பயிலும் பாடசாலைகளுக்கு வலைப்பந்தாட்டம் புதியதன்று. ஆயினும் அவ்விளையாட்டைப் பாடசாலை வாழ்வோடு முடிந்துபோகும் ஒரு பொழுதுபோக்காகவே நம்மவரிற் பலர் கருதி வந்திருக்கின்றனர். பரீட்சை நெருங்கும்போது பந்தைக் கைவிடுதலும், பாடசாலையை விட்டு நீங்கும்போது அதனை முற்றாக மறத்தலும் நம் பெண்மக்களுக்கு வழக்கமாய்விட்டன. இவ்வழக்கத்துக்கு மாறாக, அந்த விளையாட்டையே தம் வாழ்வின் பெரும்பணியாகக் கொண்டு, யாழ்ப்பாணத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து உலக அரங்குவரை சென்ற தர்ஜினி சிவலிங்கம் என்னும் வீராங்கனையின் வரலாற்றை இன்று எடுத்துரைக்க விழைகின்றேன்.

முதலில் அவ்விளையாட்டின் வரலாற்றைச் சற்றே நோக்குவோம். 1891ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு ஸ்பிறிங்பீல்ட் நகரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் உடற்பயிற்சி ஆசிரியர், குளிர்காலத்தில் மாணவர் உள்ளரங்கிலே ஆடுதற்கென ஓர் ஆட்டத்தை வகுத்தார். பழக்கூடைகள் இரண்டை உயரத்தில் மாட்டி, அவற்றுட் பந்தை எறியுமாறு அமைத்த அவ்வாட்டமே கூடைப்பந்தாட்டமாயிற்று. அது இங்கிலாந்துக்குச் சென்று, மகளிர் கல்லூரிகளிலே சிற்சில மாற்றங்களைப் பெற்று வலைப்பந்தாட்டமாக உருவெடுத்தது. நாடு தோறும் வேறுவேறு விதிகளோடு ஆடப்பட்டு வந்த இவ்வாட்டத்துக்குப் பொதுவிதிகளை வகுக்கும் பொருட்டு, 1960ஆம் ஆண்டில் பல நாட்டுப் பிரதிநிதிகள் கூடிய இடம் நமது இலங்கையே என்பது நம்மிற் பலர் அறியாத செய்தி. 1963ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஈஸ்ற்போண் நகரில் நடைபெற்ற முதலாவது உலகப் போட்டியிலும் இலங்கை மகளிர் பங்குபற்றினர். ஆகவே இவ்விளையாட்டிலே நமது நாட்டுக்குள்ள உரிமை நேற்று வந்ததன்று.

இனி ஆட்டத்தின் இயல்பைக் காண்போம். ஓரணிக்கு எழுவர். ஒவ்வொருவரும் தத்தமக்கு வகுக்கப்பட்ட எல்லைக்குள்ளேயே இயங்குதல் வேண்டும். பந்தை ஏந்திக்கொண்டு ஓடுதல் ஆகாது. கையிற் பெற்ற பந்தை மூன்று விநாடிக்குள் மற்றொருவருக்கு வழங்கவோ வளையத்தை நோக்கி எய்யவோ வேண்டும். வளையம் நிலத்திலிருந்து 3.05 மீற்றர், அதாவது 10 அடி உயரத்திலுள்ளது. கூடைப்பந்தாட்டத்திலே வளையத்தின் பின்னால் ஒரு பலகை இருக்கும். பந்து அதில் மோதித் திரும்பி உள்ளே வீழ்தலும் உண்டு. வலைப்பந்தாட்டத்தில் அந்த உதவி இல்லை. வளையத்தைச் சூழவுள்ள 4.9 மீற்றர் ஆரையுடைய அரைவட்டத்தினுள் நின்றே பந்தை எய்தல் வேண்டும். அவ்வாறு எய்யும் உரிமையும் எழுவருள் இருவருக்கே உரியது. எதிரணியின் காவலர் எய்பவரிடமிருந்து விதித்த தூரம் விலகி நிற்றல் வேண்டும். ஆயினும் கைகளை உயர்த்தி மறிக்கலாம்.

இவ்விதிகளை ஒருங்கு வைத்து நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலனாகும். எய்பவர் மிக உயரமானவராயின், தலைக்கு மேலாக வீசப்படும் பந்தைக் காவலர் எட்டாத இடத்திலே பற்றிக்கொள்ளலாம். மறிக்கும் கைகளுக்கு மேலாக எய்யவும் செய்யலாம். தர்ஜினி சிவலிங்கம் அவர்களின் உயரம் 2.08 மீற்றர், அடிக்கணக்கிற் சொன்னால் 6 அடி 10 அங்குலம். உலகில் வலைப்பந்தாடும் மகளிருள் மிக உயரமானவர் எனப் பெயர்பெற்றவர் அவர்.

அவர் 1979ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்துப் புன்னாலைக்கட்டுவனைச் சார்ந்த ஈவினை என்னும் ஊரிலே பிறந்தார். அவர் வளர்ந்த காலம் எத்தகையது என்பதை நேயர்களுக்கு நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை. 1983ஆம் ஆண்டின் பின் போர் மூண்டது. வலிகாமத்து மக்கள் மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்தனர். 1995ஆம் ஆண்டில் குடாநாட்டின் பெரும்பகுதியே வெறிச்சோடியது. பாடசாலைகள் மரநிழலிலும் பிறர் கட்டடங்களிலும் நடைபெற்றன. புத்தகத்துக்கும் விளக்குக்கும் தட்டுப்பாடு நிலவிய நாளில் விளையாட்டு மைதானத்தை யார் நினைப்பர்?

அதனோடு வேறொரு தொல்லையும் அவருக்கு இருந்தது. நமது சமூகத்திலே ஆண்பிள்ளை உயர்ந்து வளர்ந்தால் அதனைப் பெருமையாகப் பேசுகின்றோம். பெண்பிள்ளை உயர்ந்து வளர்ந்தாலோ, இவளுக்கேற்ற மணமகனை எங்கே தேடுவது என்று தாயின் காது கேட்கவே பேசுகின்றோம். தம் உயரத்தின் பொருட்டு இளமையிற் கேலிக்கு ஆளானதைத் தர்ஜினி அவர்களே பின்னாளிற் கூறியுள்ளார். ஊரார் குறையென நகைத்த அதே உயரம், அரைவட்டத்தினுள் அவர் கால் வைத்தபோது ஒரு நாட்டின் நம்பிக்கையாயிற்று.

ஆயினும் உயரமொன்றே அவரை வீராங்கனை ஆக்கிற்று என்று எண்ணுதல் தவறு. உயரமான உடலைச் சமநிலை தவறாது நிறுத்துதல் எளிதன்று. இரு காவலர் முன்னும் பின்னுமாக நெருக்கி நிற்க, இடத்தை விட்டுக்கொடாது நின்று, காற்றில் வரும் பந்தை விரல் நுனியாற் பற்றி, மூன்று விநாடிக்குள் வளையத்தின் நடுவே இறக்குவதற்கு ஆண்டுக்கணக்கான பயிற்சி வேண்டும். மணிக்கட்டின் ஒரு சிறு நடுக்கம் பந்தை வளையத்தின் விளிம்பிலே மோதச் செய்துவிடும். ஒரே அசைவை ஒரே அளவில் ஆயிரம் முறை செய்து பழகுதலே எய்பவரின் கல்வி. வில்லாளன் குறி பழகுதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை.

2000ஆம் ஆண்டை அடுத்து வந்த காலத்தில் அவர் இலங்கைத் தேசிய அணியில் இடம்பெற்றார். கொழும்பிலே செலான் வங்கியின் அணிக்காகவும் ஆடினார். 2009ஆம் ஆண்டில் மலேசியாவில் நடைபெற்ற ஆசியப் போட்டியில் இலங்கை கிண்ணத்தைச் சுவீகரித்தது. நாட்டிலே நெடும்போர் முடிவுற்ற ஆண்டும் அதுவே. பெரும்பாலும் சிங்கள மகளிரைக் கொண்ட அவ்வணியிலே, யாழ்ப்பாணத்துத் தமிழ்ப்பெண் ஒருவரை நோக்கியே பந்துகள் உயர்ந்து சென்றன என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஒருவர் வீச மற்றவர் பற்றும் அந்தக் கணத்திலே இருவருக்குமிடையே நம்பிக்கை இல்லையாயின் ஆட்டம் நடவாது. 2011ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் நிகழ்ந்த உலகப் போட்டியில் தலைசிறந்த எய்பவரென அவர் பாராட்டப்பெற்றார்.

2009ஆம் ஆண்டின் பின் ஒன்பது ஆண்டுகள் ஆசியக் கிண்ணம் இலங்கைக்குக் கிட்டவில்லை. 2018ஆம் ஆண்டில் சிங்கப்பூரிலே, சிங்கப்பூர் அணியையே 69-50 என்ற கணக்கில் வென்று இலங்கை அதனை மீட்டது. அவ்வணியின் எய்பவராக நின்றவர் தர்ஜினியே. 2022ஆம் ஆண்டில் அதே நகரில், அதே அணியை 63-53 என்று வென்றபோதும் அவர் அணியில் இருந்தார். இடையே அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ண் நகரில் சிற்றி வெஸ்ட் பல்கன்ஸ் என்னும் கழகத்துக்காகவும் ஆடினார். வலைப்பந்தாட்டத்தில் உலகின் முன்னணி நாடாகிய அங்கே ஆடும் வாய்ப்பைப் பெறுதல் நம் நாட்டு மகளிர்க்கு எளிதிற் கிட்டுவதன்று.

அவரது வரலாற்றிலே நாம் ஆழ்ந்து சிந்திக்க வேண்டிய பகுதி 2019ஆம் ஆண்டைச் சார்ந்தது. லிவர்பூல் நகரில் நடைபெற்ற உலகக் கிண்ணப் போட்டியில் அவர் 348 கோல்களை எய்து, அனைத்து நாட்டு வீராங்கனைகளிலும் முதலிடம் பெற்றார். அப்போது அவருக்கு வயது நாற்பது. ஆயினும் பதினாறு நாடுகள் பங்குபற்றிய அப்போட்டியில் இலங்கை பெற்ற இடம் பதினைந்தாவது! உலகிலேயே மிகுதியாக எய்தவர் இருந்தும் அணி ஏன் பின்தங்கியது?

விடை ஆட்டத்தின் அமைப்பிலேயே உள்ளது. எய்பவர் பந்தைத் தாமாகச் சென்று எடுத்தல் இயலாது. அது தம் அணியின் காவலரால் மீட்கப்பட்டு, நடுக்களத்தார் கைகளின் வழியே அவரிடம் வந்து சேர வேண்டும். எதிரணியார் பந்தை இடையிலே பறித்துக்கொண்டால், ஏழடி உயரத்துக்கு அண்மையான எய்பவரும் வெறுங்கையோடு நிற்கவேண்டியதே. முழுநேரப் பயிற்சியும் ஊதியமும் மருத்துவரும் கொண்ட அணிகளோடு, அலுவலகப் பணி முடிந்த பின் பயிற்சி பெறும் மகளிர் மோதும்போது நடுக்களத்திலேயே வேறுபாடு தெரிந்துவிடுகின்றது. ஒருவரின் பேராற்றல் ஓரணியை ஆசியாவின் உச்சிக்கு ஏற்றலாம். உலகின் உச்சிக்கு ஏற்ற ஒரு நாட்டின் ஏற்பாடு முழுவதும் வேண்டும்.

இதற்கு உதைபந்தாட்டத்திலிருந்து ஓர் எடுத்துக்காட்டுக் கூறலாம். நமது தீவகத்து இளைஞர் பெரிதும் விரும்பும் ஆட்டம் அது. 2023ஆம் ஆண்டு ஓகஸ்ட் 20ஆம் நாள், அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரில் எழுபத்தையாயிரத்துக்கு மேற்பட்டோர் கண்டுகளிக்க, ஸ்பானிய மகளிர் அணி இங்கிலாந்தை 1-0 என்று வென்று உலகக் கிண்ணத்தைப் பெற்றது. அவ்வணியின் முன்கள வீராங்கனை ஜெனிபர் எர்மோசோ, தம் நாட்டுக்காக மிகுதியான கோல்களை அடித்த பெண்மணி. அவரது திறமையின் பின்னே சிறுமியர்க்கான பயிற்சிக் கழகங்களும், சம்பளம் பெறும் அணிகளும் இருந்தன. ஆயினும் வெற்றிமேடையிலேயே சங்கத் தலைவர் அவரிடம் முறைதவறி நடந்துகொண்டமையால், தம் மதிப்பைக் காக்கவும் அவர் போராட வேண்டியதாயிற்று. சக வீராங்கனைகள் அவர் பக்கம் நின்றனர். தலைவர் பதவி விலகினார். வசதி மிகுந்த நாட்டிலும் பெண்ணின் ஆட்டத்துக்கு மதிப்புத் தானாக வந்துவிடுவதில்லை என்பதற்கு இது சான்று. ஏறத்தாழ அதே நாட்களில், தென்னாபிரிக்காவின் கேப் ரவுண் நகரில் நடைபெற்ற வலைப்பந்தாட்ட உலகக் கிண்ணப் போட்டியிலே, நாற்பத்து நான்கு வயதான தர்ஜினி இலங்கைக்காக ஆடிக்கொண்டிருந்தார்.

நேயர்களே, தீவகம் உலகுக்குப் பெரியோரை அளித்த மண். கரம்பொனில் 1913ஆம் ஆண்டு பிறந்த தனிநாயகம் அடிகளார், தமிழாராய்ச்சியை உலகப் பொதுப்பணியாக்க முன்னின்று உழைத்ததை நாமறிவோம். கடல் சூழ்ந்த ஊரிற் பிறந்தமை அவருக்குத் தடையாகவில்லை. அவரது கல்விக்கு வழிதிறந்தோர் இருந்தமையால் அவர் சென்றார். நூலறிவுக்கு நாம் திறந்த வழியை விளையாட்டுக்கு இன்னும் செம்மையாகத் திறந்தோமில்லை.

செய்யத்தக்கவை பெரிய காரியங்கள் அல்ல. வகுப்பின் கடைசி வாங்கிலே கூனிக்குறுகி அமரும் உயரமான சிறுமியை ஆசிரியர் மைதானத்துக்கு அழைத்து, பந்தைக் கையிற் கொடுக்கலாம். மாலைப் பயிற்சி முடிந்தபின் தூர ஊர்ப் பிள்ளைகள் வீடு திரும்பத் துணையும் வாகனமும் ஒழுங்கு செய்யலாம். பாடசாலையை விட்ட மகளிர் தொடர்ந்து ஆடுவதற்குச் சனசமூக நிலையங்கள் அணியமைக்கலாம். ஆண்களின் உதைபந்தாட்டக் கழகங்களுக்குப் பொருளுதவி புரியும் வெளிநாட்டு அன்பர்கள், அதில் ஒரு பங்கைப் பெண்பிள்ளைகளின் காலணிக்கும் பந்துக்கும் ஒதுக்கலாம். பெற்றோர் செய்யவேண்டியது இன்னும் எளிது: மகளின் உயரத்தைக் குறித்துப் பிறர் நகைக்கும்போது, தாமும் உடன் நகையாதிருத்தல்.

உயரம் இயற்கை தந்தது. அதனைப் பயன்படுத்தியது தர்ஜினியின் உழைப்பு. அவ்வுழைப்புக்கு இடமளித்தோர் இல்லையாயின், அவர் ஈவினையில் எல்லோரும் திரும்பிப் பார்க்கும் ஒரு நெடிய பெண்ணாக மட்டுமே இருந்திருப்பார். அத்தகைய பெண்கள் நம் ஊர்களில் எத்தனை பேர் இருந்து மறைந்தனரோ! இனி வளரும் பிள்ளைகளையேனும் இழவாதிருப்போமாக.