உங்களுக்குத் தெரியுமா? ஒலிபெருக்கி வேண்டாத சாரீரம்

ஆடிக் கிருத்திகையன்று அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்து ஒலிபெருக்கிகளில் இன்றும் கணீரென்று கேட்கும் கே.பி. சுந்தராம்பாளின் சாரீரம், அத்தகைய சாதனமேதும் வாய்க்காத இசைநாடக மேடையில், கடைசி வரிசைத் தரை டிக்கெட்டுக்காரரையும் எட்டியாகவேண்டிய நிர்ப்பந்தத்தினால் உரமேறியதாகும். தம்முடன் மேடையில் பாடிக் கொடிகட்டிப் பறந்த கணவர் செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பா 1933-இல், 27 வயதிலேயே காலமாகிவிட, வெள்ளைப் புடவை தரித்து, இனி எந்த ஆடவருக்கும் ஜோடியாக நடிப்பதில்லையெனச் சங்கற்பம் பூண்ட அவ்வம்மையார், 1935-இல் வெளியான ‘பக்த நந்தனார்’ படத்தில் நந்தனாராகவே, ஆண் வேஷத்தில் தோன்றினார்; விரதத்துக்குப் பங்கமில்லாத யுக்திதான்! வேதியராக எதிரே நின்றவர் சங்கீத வித்வான் மகாராஜபுரம் விசுவநாதய்யர். அம்மையார் பெற்ற சன்மானமோ, அந்நாளில் எவரும் கேட்டறியாத ஒரு லட்ச ரூபாய்.