டொக்... டொக்... யாரது?

செகண்ட் ஹேண்ட் பைக் வாங்கின எல்லாருக்கும் ஒரு தேன்நிலவு உண்டு ஃப்ரெண்ட்ஸ். என் கணக்குப்படி அது சரியா மூணு நாள்! நாலாவது நாள் காலையில், எங்கிருந்தோ ஒரு சத்தம் வரும். டொக்.

இனயத்துல இருக்கிற என் கிளாஸ்மேட்டுக்கும் அப்படித்தான் வந்தது. அப்பா கடலுக்குப் போறவர். அம்மா கட்டின சீட்டை எடுத்து, 22,000 ரூபாய்க்கு ஒரு நூறு சிசி வண்டி வாங்கிக் கொடுத்தாங்க. கறுப்பு பெயிண்ட், பளபளன்னு புது ஸ்டிக்கர். இனி காலேஜுக்கு ரெண்டு பஸ் மாற வேண்டாம். முதல் ஞாயிற்றுக்கிழமை அம்மாவைப் பின்னாடி உட்கார வெச்சு கருங்கல் சந்தைக்கு ஒரு ரவுண்டு போய் வந்தான். திங்கள்கிழமை டொக் ஆரம்பிச்சாச்சு.

உடனே கேன்டீன்ல மருத்துவக் குழு கூடியது. 'டாப்பெட் மச்சி'ன்னு ஒருத்தன். 'கனெக்டிங் ராடு போச்சு, வண்டி காலி'ன்னு இன்னொருத்தன். 'பெட்ரோல்ல கலப்படம்'னு மூணாவது ஆள் (இவன்கிட்ட சைக்கிள்கூட கிடையாது). போன முதல் ஒர்க்‌ஷாப்பில், வண்டியை ஸ்டாண்ட் போடுறதுக்கு முன்னாடியே தீர்ப்பு வந்துடுச்சு: 'இன்ஜினைப் பிரிக்கணும், போர் பண்ணி பிஸ்டன் மாத்தணும், 9,000 ஆகும்.' வீட்டில் சொன்னால் அடுத்த சீட்டையும் எடுக்க வேண்டியதுதான். பய முகத்தைப் பார்க்க முடியலை.

இப்படி ஆள் மாத்தி பழி போடுற கதை நூறு வருஷத்துக்கு முன்னாடியே அமெரிக்காவுல நடந்திருக்கு. சார்லஸ் கெட்டரிங்னு ஒரு இன்ஜினீயர். 1912 காடிலாக் காரில் வந்த எலெக்ட்ரிக் செல்ஃப் ஸ்டார்ட்டர் இவர் வேலைதான். அவரோட பேட்டரி இக்னிஷன் பொருத்தின கார்கள் மேடு ஏறும்போது 'கணங் கணங்'னு தட்ட, எல்லாரும் அந்த இக்னிஷனைத்தான் திட்டினாங்க. மனுஷன் விடலை. 1916-ல் தன்னிடம் வேலைக்குச் சேர்ந்த தாமஸ் மிட்ஜ்லிகிட்ட, இந்தச் சத்தம் என்னன்னு கண்டுபிடின்னு ஒப்படைச்சார். மிட்ஜ்லி என்ன பண்ணினார் தெரியுமா? சிலிண்டரில் ஒரு ஜன்னலே வெச்சு, உள்ளே எரியுறதைப் படம் பிடிச்சார்! ஸ்பார்க் வர்றதுக்கு முன்னாடியே எரிபொருள் பத்திக்கிறதால சத்தம் வரலை. ஸ்பார்க் வந்து நெருப்பு பரவும்போது, மிச்சம் இருக்கிற எரிபொருள் தானாகவே சட்டுன்னு வெடிக்குது. குற்றவாளி இக்னிஷன் இல்லை, பெட்ரோல்!

அதோடு நின்றிருந்தால் நல்லா இருந்திருக்கும். 1921 டிசம்பர் 9-ம் தேதி, பெட்ரோலில் ஈயக் கலவையைச் சேர்த்தா சத்தம் அடங்குதுன்னு அவர் கூட்டம் கண்டுபிடிச்சது. சத்தம் போச்சு, விஷம் வந்தது. இந்தியாவில் ஈயப் பெட்ரோல் ஒழிய 2000-ம் வருஷம் ஆச்சு. உலகத்திலேயே கடைசியா விட்ட நாடு அல்ஜீரியா, 2021-ல்.

சரி, இனயத்துக்கு வருவோம்.

நாங்க ரெண்டாவதா போனது, ரோட்டோரத்தில் ஒத்தை ஷெட் போட்டிருக்கிற ஒரு அண்ணன்கிட்ட. அவர் ஸ்பேனரையே தொடலை. பீடியைக் கீழே போட்டுட்டு ஒரே கேள்வி கேட்டார்: "சத்தம் எப்பளாக்கும் வருது மக்ளே?"

நாங்க எல்லாரும் 'எங்கே'ன்னுதான் தேடிக்கிட்டு இருந்தோம். 'எப்போ'ன்னு யாருமே கேட்கலை!

சென்டர் ஸ்டாண்ட் போட்டு ஸ்டார்ட் பண்ணி, முறுக்கிப் பார்த்தார். டொக் வரலை. நீளமான ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, நுனியை இன்ஜின் ஹெட்டில் வெச்சு, பிடியைக் காதோரம் ஒட்டிக்கிட்டார். டாக்டர் ஸ்டெதஸ்கோப் மாதிரியேதான். "டாப்பெட் டிக்டிக்னு ஓடுது. அது ஓடத்தான் செய்யும்." அப்புறம் வண்டியை அவரே எடுத்துட்டுப் போய், ஆள் இல்லாத இறக்கத்தில் இன்ஜினை ஆஃப் பண்ணி நியூட்ரலில் உருட்டினார். குண்டும் குழியுமான இடம் வந்ததும்... டொக்! டொக்!

திரும்பி வந்து சிரிச்சுக்கிட்டே கேட்டார்: "இன்ஜின் செத்துக் கெடக்கும்போ தட்டுறது யாராக்கும்?"

ஒன்பதாயிரம் ரூபாய் அந்த ஒரு நிமிஷத்தில் தப்பிச்சது. (நான் மெக்கானிக்கல் மூணாவது வருஷம். இந்த யோசனை எனக்கு ஏன் வரலைன்னு தயவுசெய்து கேட்காதீங்க!)

இனி தேடுற இடம் சுருங்கிப் போச்சு. ஃபர்ஸ்ட் கியரில் கிளம்பும்போது ஒரு டொக், பிரேக் போட்டால் ஒரு டொக். அப்போ இழுவை மாறும்போது எதுவோ ஆடுது. பின் சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டினார், ஆடுச்சு. அது பேரிங்காவும் இருக்கலாமே? அதனால் சக்கரத்தை விட்டுட்டு, அதைத் தாங்குற ஸ்விங் ஆர்மையே பிடிச்சு ஆட்டினார். அதுவும் ஆடுச்சு. ஸ்விங் ஆர்மை சேஸிஸோடு கோக்கிற நீள போல்ட்டைக் கழற்ற அரை மணி நேரம். ஆயில் விட்டு, ஊறவெச்சு, சுத்தியலால் தட்டித் தட்டி வெளியே எடுத்தார்.

யாரும் பேசலை. ரெண்டு முனையும் முழுசா இருந்தது. நடுவில் துரு தின்னு, கடிச்சுத் துப்பின கரும்பு மாதிரி மெலிஞ்சு போயிருந்தது. புஷ் பொடியாக் கொட்டுச்சு. இந்த போல்ட் ஓடும்போது முறிஞ்சிருந்தா பின் சக்கரம் நம்ம பேச்சைக் கேட்காது. அந்த சீட்டில்தான் அவன் அம்மா உட்கார்ந்து சந்தைக்குப் போனாங்க.

எப்படி இப்படி ஆச்சு? சீட்டுக்குப் பின்னாடி கேரியர் மாட்டின பழைய ஓட்டைகளை அண்ணன் காட்டினார். முன்னாடி வெச்சிருந்த ஆள் மீன் பெட்டி கட்டி ஓட்டியிருக்கார். ஐஸ் உருகி, உப்புத் தண்ணி சொட்டுச் சொட்டா அதே இடத்தில் வருஷக்கணக்கா இறங்கியிருக்கு. உப்புத் தண்ணியில் இரும்பு வேகமா துரு ஏறும். குழாய்க்குள்ளே புகுந்தா காயவும் காயாது. போதாததுக்கு கடல் காத்து வேற. மேலே அடிச்ச பெயிண்ட் வெளியே தெரியுறதை மட்டும்தான் மறைச்சிருக்கு. கடலோரத்தில் பழைய வண்டி வாங்குறவங்க டேங்க்கைத் தடவிப் பார்க்கிறதை விட்டுட்டு, குனிஞ்சு அடிவயித்தைப் பாருங்கப்பா.

உங்க வண்டியில் நிஜமாவே இன்ஜின்தான் தட்டுதுன்னா, அதுவும் 'எப்போ'ன்னு சொல்லிடும். காலையில் குளிர்ந்த இன்ஜினில் தட்டி, சூடானதும் குறைஞ்சா பெரும்பாலும் பிஸ்டன் தேய்மானம். கொஞ்ச நாள் ஓடும். வால்வு, இன்ஜின் ரெண்டு சுத்து சுத்தினாத்தான் ஒரு தடவை திறக்கும். அதனால் டாப்பெட் சத்தம் இன்ஜின் வேகத்தில் பாதி தாளத்தில், மெல்லிசா வரும். டாப் கியரில் மேடு ஏறும்போது தகர டப்பாவில் சில்லறை குலுக்கின மாதிரி கேட்டு, கியரைக் குறைச்சதும் நின்னா, அதுதான் மிட்ஜ்லி ஜன்னல் வழியே பார்த்த சமாச்சாரம். இப்போ பங்குல வர்ற 20 சதவீத எத்தனால் பெட்ரோலுக்கு ஆக்டேன் 95, முன்னாடி சாதா பெட்ரோலுக்கு 91. ஆக, எடுத்த எடுப்பில் பெட்ரோலைத் திட்ட வேண்டாம். ஆனா ஆக்ஸிலரேட்டர் முறுக்கும்போது அடியில் இருந்து கனமா 'தொம் தொம்'னு கேட்டா கனெக்டிங் ராடு பேரிங்கா இருக்கலாம். அப்போ வீடு வரைக்கும் ஓட்டிப் பார்க்கலாம்னு நினைக்காதீங்க. ஆஃப் பண்ணி உருட்டுங்க.

புது போல்ட், புஷ், கூலி எல்லாம் சேர்த்து 850 ரூபாய். வாரம் ஒரு தடவை நல்ல தண்ணியில் அடிப்பக்கத்தைக் கழுவணும்னு கண்டிஷன் போட்டு அனுப்பினார். டொக் போச்சு.

பழைய போல்ட்டை அவன் தூக்கிப் போடலை. படிக்கிற மேஜை மேலேதான் இருக்கு. இது என்னலேன்னு அம்மா கேட்டதுக்கு, 'பேப்பர் வெயிட்'னு சொல்லி வெச்சிருக்கான்.