அங்கீகாரமும் அரணும்

அப்புத்தளை நகரம் மலைமுகட்டின்மீது அமர்ந்திருக்கிறது. அதன் வடசரிவில் விழும் மழைத்துளி உமா ஓயாவின் வழியே மகாவலியைச் சேர்ந்து திருகோணமலைக் கடலைக் காண்கிறது. தென்சரிவில் விழும் துளியோ வலவை கங்கையுடன் கூடித் தென்கடலை அடைகிறது. இத்தகைய உச்சியில் வாழ்வோருக்கு வெள்ளத்தால் என்ன அச்சம் எனக் கீழ்நாட்டார் வினவக்கூடும்.

கொழும்பு மாநகரைக் களனி கங்கையின் பெருக்கிலிருந்து காப்பதற்கு ஆற்றங்கரையில் மண்ணணைகள் எழுப்பப்பட்டுள்ளன. வெள்ளப் பாதுகாப்புக்கென 1924 ஆம் ஆண்டிலேயே ஒரு கட்டளைச் சட்டமும் பிறந்தது. சமவெளியில் வெள்ளம் ஆற்றிலிருந்து ஊருக்குள் ஏறுகிறது. ஆதலின் அதனைக் கரையிலே மறிக்கலாம். மலைநாட்டிலோ வெள்ளம் மண்ணுக்குள் இறங்குகிறது. நாட்கணக்கிற் பெய்யும் மழை சரிவினுள் ஊறி, மண்ணின் பாரத்தைப் பெருக்கி, பாறையோடு அதற்குள்ள பிடியைத் தளர்த்துகிறது. பின்னர் ஒருநாள் மலையே ஆறாகிப் பாய்கிறது.

அப்புத்தளைக்கு அண்மையிலுள்ள கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில், 2014 ஒக்டோபர் 29 ஆந் திகதி காலை அதுவே நிகழ்ந்தது. பாடசாலைக்குச் சென்றிருந்த பிள்ளைகள் உயிர் தப்பினர். அவர்களுட் சிலர் திரும்பி வந்தபோது வீடுமில்லை, பெற்றோருமில்லை. புதையுண்டோரில் பலருடைய உடல்கள் கிடைக்கவேயில்லை.

அபாயம் அறியப்படாததன்று. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் அவ்விடத்தை விட்டு மக்கள் வெளியேற வேண்டுமென எச்சரித்திருந்தது. ஆயின், எங்கே செல்வது? லயத்து அறை தோட்டத்துக்குரியது. காலூன்றச் சொந்தமாக ஒரு பிடி நிலமும் அவர்களுக்கு இல்லை. 'வெளியேறுக' என்னும் சொல் நிலமுடையவனுக்கு ஆலோசனை. நிலமற்றவனுக்கோ அது வெறும் ஓசை. அனர்த்தத்தின் பின், 2016 இல், பூனாகலைத் தோட்டத்து மாகல்தெனியவில் 75 வீடுகள் கட்டிக் கையளிக்கப்பட்டன. அந்நிலம் முன்னரும் அங்கேதான் இருந்தது.

மலைச்சரிவைக் காக்கும் வழி மனிதனுக்குத் தெரியாததுமன்று. பதுளைக்கு அருகே பதுலுசிறிகமவில் மெல்ல நகர்ந்துகொண்டிருந்த சரிவொன்றில், யப்பானியத் தொழினுட்ப உதவியுடன் வடிகால்கள் அமைத்து, மண்ணுள் தேங்கிய நீரை வெளியேற்றும் வேலைகள் செய்யப்பட்டன. இக்கலை நம் தோட்டத் தொழிலாளிக்குப் புதியதோ? தேயிலை மலைகளிற் கான் வெட்டி, மழைநீரை மெல்ல ஓடைக்கு வழிநடத்தியவை அவர்தம் மண்வெட்டிகளே. கான்கள் தூர்ந்து, மலை காடுமண்டும்போது நீர் தன் வழியைத் தானே தேடிக்கொள்கிறது.

2025 நவம்பர் இறுதியில் டித்வாப் புயல் வீசியபோது பதுளை மாவட்டத்தில் மீண்டும் மலைகள் சரிந்தன. மீண்டும் உயிர்கள் மாண்டன. இத்தகைய அனர்த்தங்களின் பின்னர் திட்டங்கள் வகுக்கப்படுவதும், அவற்றுக்கு அங்கீகாரம் வழங்கப்படுவதும் இயல்பு. அவற்றை நாம் வரவேற்கத்தான் வேண்டும். ஆனால், ஓர் ஏட்டில் இடப்படும் கையொப்பம் ஒரு கூடை மண்ணையும் தாங்கி நிற்காது.

ஆகவே, எந்தத் திட்டம் வந்தாலும் மலையக மக்கள் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. சரிவின் நீரை வடிக்கும் கான்களை ஆண்டுதோறும் தூர்வாருவது யார் பொறுப்பு? நள்ளிரவில் மழை மிகுந்தால் லயத்துக் கதவைத் தட்டி எழுப்புவது யார்? எழுந்து செல்பவர் தம்முடையதென்று உரிமையோடு நுழையக்கூடிய நிலம் எங்கே?

மூன்றாவது கேள்விக்கு உறுதிப்பத்திரமே விடை. கொழும்புக்குக் களனிக் கரையின் அணை எவ்வாறோ, லயத்து மக்களுக்கு அப்பத்திரம் அவ்வாறே. அது கைக்கு வரும்வரை, மழை கனக்கும் ஒவ்வோர் இரவிலும் ஒரு தாய் விளக்கை அணைக்காமல் விழித்திருப்பாள்.