படத்தின் எண்ணும் மலையின் இடமும்

தேசப்பட எண்களை அகலக்கோடு, நெடுங்கோடாக மாற்றுமாறு எங்ஙனம்? இலங்கையின் பழைய மீற்றர்ப் படங்களுக்குப் பீதுருதாலகாலை மலையே தொடக்கம். அதன் எண் கிழக்கும் வடக்கும் 200,000. அம்மலை வடக்கு 7 பாகை, கிழக்கு 80 பாகை 46.3 கலையில் உளது.

கிழக்கு 231,000, வடக்கு 199,000 எனும் புள்ளியை நோக்குவோம். தொடக்க எண்ணைக் கழிப்பின், மலைக்குக் கிழக்கே 31, தெற்கே 1 கிலோமீற்றர். ஈண்டு ஒரு பாகை ஏறத்தாழ 110.5 கிலோமீற்றர். ஆதலின் 16.8 கலை கூட்டி, அரைக்கலை குறைக்க, கிழக்கு 81 பாகை 3.1 கலை, வடக்கு 6 பாகை 59.5 கலை: நம் பதுளை! நுண்கணக்கிற்குப் புவியின் வளைவையும் கொள்ளல் வேண்டும்.

1999ஆம் ஆண்டு முறையிலோ தொடக்க எண் 500,000. முறை மயங்கின் இருதிசையிலும் 300 கிலோமீற்றர் பிழைக்கும். 2014இல் மீரியபெத்தையில் மண்சரிந்து லயன்கள் புதைந்தமையை மறவோம். மாணாக்கர்காள், இடத்தின் எண்ணோடு முறையையும் கூறுமின்!