மெக்கொங்: சம்மதமும் கலந்தாலோசனையும்

சர்வதேசச் சட்டம் பலமுள்ளோரின் கருவி மட்டுமே என்று எம்மில் பலர் ஒரே வசனத்தில் முடித்துவிடுகின்றனர். நான் அவ்வாறு கருதவில்லை. உடன்படிக்கையில் எந்தச் சொல் இடம்பெறுகிறது என்பதில் மக்களின் உணவு தங்கியிருக்கிறது. மெக்கொங் ஆறு இதற்கு உதாரணம்.

1975ஆம் ஆண்டுக் கூட்டுப் பிரகடனம், பிரதான ஆற்றில் மேற்கொள்ளப்படும் பெருந்திட்டங்களுக்கு ஏனைய நாடுகளின் சம்மதத்தைக் கோரியது. கம்போடியா, லாவோஸ், தாய்லாந்து, வியட்நாம் ஆகியன 1995 ஏப்ரலில் கைச்சாத்திட்ட உடன்படிக்கையோ, உள்வடிநிலத் திட்டங்களுக்கு 'முன்கூட்டிய கலந்தாலோசனை' போதும் என்றது. கலந்தாலோசனை தடுப்புரிமை அல்ல. அதேவேளை, பிறர் உரிமையைக் கருதாது நீரைப் பயன்படுத்தும் உரிமையும் அல்ல என அது விளக்குகிறது. ஆற்றின் மேற்பகுதியிலுள்ள சீனாவும் மியன்மாரும் இதில் உறுப்பினரல்ல.

மழைக்காலத்தில் மெக்கொங் பெருகும்போது தொன்லே சாப் ஆறு எதிர்த்திசையில் ஓடி, கம்போடியாவின் பேரேரியை நிரப்புகிறது. வெள்ளம் புகுந்த காடுகளில் மீன்கள் வளர்கின்றன. அந்நாட்டு மக்களின் பிரதான புரதம் அதுவே. இந்த எதிரோட்டம் பேணப்பட வேண்டுமென உடன்படிக்கையின் 6ஆம் உறுப்புரை கூறுகிறது. ஓர் ஏரி நிரம்புவதைச் சட்டக் கடமையாக்கியது சிறிய விடயமல்ல.

ஆனால் கலந்தாலோசனை இணக்கமின்றி முடிந்தால் என்ன செய்வது? உடன்படிக்கையில் தெளிவான விடை இல்லை. 2010இல் லாவோஸ் சயாபுரி அணைத் திட்டத்தைச் சமர்ப்பித்தது. கம்போடியாவும் வியட்நாமும் மேலும் ஆய்வு கேட்டன. 2011 டிசம்பரில் அமைச்சர்களும் மேலதிக ஆய்வு தேவை என்றனர். 2012 நவம்பரில் அணைக்கான ஆரம்ப விழா நடந்தது. 2019இல் மின் விற்பனை தொடங்கியது. மின்சாரத்தின் பெரும்பகுதி தாய்லாந்துக்குச் செல்கிறது. பிணக்கைத் தீர்க்க நீதிமன்றம் கிடையாது. அது அரசுகளின் பேச்சுவார்த்தைக்கே திரும்புகிறது. தாய்லாந்தின் ஆற்றங்கரை மக்கள் 2012இல் தம் நாட்டு நிர்வாக நீதிமன்றில் தொடுத்த வழக்கும் வெற்றி பெறவில்லை.

வண்டலை அணைகள் மறிக்கின்றன. மணலை மனிதர் அள்ளுகின்றனர். கடலோரம் அரிக்கப்படுகிறது. 2016இலும் 2020இலும் வறட்சியோடு உவர்நீர் உட்புகுந்து வியட்நாமின் நெல்வயல்களைப் பாதித்தது. ஆற்று வடிநிலம் ஓர் அலகு என்று முன்பு மாணவருக்குப் படிப்பித்தேன். இன்று தொழிற்சாலையில் அந்தக் கழிமுகத்தின் வளர்ப்பு மீன்களைப் பெட்டியில் அடுக்குகிறேன். அலகு நான் சொன்னதைவிடப் பெரியது.

ஆகவே சட்டத்தை நிராகரிப்பதல்ல எமது பணி. சம்மதம் கலந்தாலோசனையாகச் சுருங்கியபோது இழப்பு யாருக்கு என்று கேட்க வேண்டும். மீனவரும் விவசாயியும் தரப்பினராகாத பிராந்திய ஒத்துழைப்பு, அரசுகளின் ஒத்துழைப்பு மட்டுமே. மாற்றுக் கருத்துள்ளோர் எழுத வேண்டும்.